சாரம்

மைனஸ் முப்பத்தேழு.
ஆற்றின் மேல் ஆவி நிற்கிறது, நகராமல்.
சஸ்கட்டூனில் இந்நேரம் விழித்திருப்பவை
பனி வழிக்கும் வண்டி,
உறைபெட்டியின் சிவப்பு எண்கள்,
நான்,
பெரோகி.

பெரோகி ஒரு தங்கமீன்.
எட்டாம் தெருக் கடையில் ஏழு டாலர்.
பெயர் வைத்தவள் டார்லீன் வாசிலிக்,
தொட்டிகளுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு.
இடுக்கியால் ஒரு செதிலை இழுத்தேன்.
வாலை ஒருமுறை உதறிற்று, அவ்வளவே.
மன்னிப்பு என்று எழுத
ஆய்வேட்டில் கட்டம் இல்லை.

கண்ணாடித் தகட்டில் செதிலை அமர்த்தினால்
அதன் ஓரத்திலிருந்து
செல்கள் ஒவ்வொன்றாய்ப் புறப்படும்,
காயத்தை மூடப் போவதாக நினைத்துக்கொண்டு.
காயம் இங்கே இல்லை.
அது அடுத்த அறையில் நீந்துகிறது.

பிறை வடிவம். கால் இல்லை, துடுப்பு இல்லை.
நிமிடத்துக்குப் பத்து மைக்ரான் வழுக்கும்.
உள்ளே ஆக்டினால் ஆன சாரம்:
முன்விளிம்பில் கட்டுகிறார்கள்,
பின்னால் பிரிக்கிறார்கள்.
நட்ட கழி நட்ட இடத்திலேயே நிற்கிறது.
செல் மட்டும் போய்விடுகிறது.

நிற்கும் கழியின் விலாவில்
எழுபது பாகை சாய்த்துப் புதுக்கிளை நடும் புரதம் ஒன்று.
நுனியில் தொப்பி கவிழ்த்துப்
போதும் என்பது இன்னொன்று.
புரோஃபிலின், உதிர்ந்த மணிகளைப் பொறுக்கிப்
புதுச்சக்தி ஏற்றி
முன்வாசலில் கொண்டுபோய்க் கொடுக்கும்.
கோஃபிலின் வெட்டும்.
புதுசைத் தொடாது.
பாஸ்பேட் உதிர்ந்து வயசானதைத்
தடவிப் பார்த்து, சற்றே முறுக்கி,
முறிக்கும்.
அதற்கும் வாய்ப்பூட்டு உண்டு:
அதன் மேல் ஒரு பாஸ்பேட் ஒட்டினால் போதும்,
கத்தி உறைக்குள் போய்விடும்.

முதல் வருஷம் முழுக்க
கோஃபிலின்தான் எனக்கு வில்லன்.
குறிப்பேட்டின் ஓரமெல்லாம் சிவப்பு மையில்
கத்தரிக்கோல் வரைந்திருக்கிறேன்.
வெட்டுகிறவன் இல்லாவிட்டால்
இந்தச் செல் எங்கேதான் போகாது என்று.

இன்றிரவு அதைப் பார்த்துவிட்டேன்.
கடற்பஞ்சு ஒன்றிலிருந்து எடுத்த மருந்து,
இழை முறியாமல் காக்கும்.
ஒரு சொட்டு.
நாலாம் நிமிடம் விளிம்பு தயங்கியது.
பத்தாம் நிமிடம் நின்றது.
எதுவும் உடையவில்லை. அத்தனையும் பத்திரம்.
முன்வாசலில் கட்டத்தான்
ஒரு மணி இல்லை;
உள்ளதெல்லாம் பின்கட்டில்
கெட்டித்துக் கிடக்கிறது.

மாலையில் சன்னல் வழியே கண்டது:
வேதியியல் கட்டடத்தின் மேற்குச் சுவரில்
சாரம் பிரித்தார்கள்.
கண் மட்டும் தெரியும் நாலு பேர்.
குழாயோடு குழாய் மோதும் ஓசை
இந்தக் குளிரில் எவ்வளவு தூரம் கேட்கிறது.
அதே குழாய்கள் கிழக்குச் சுவரில் ஏறின.
மேலே நின்றவன் கீழே பாராமல் கை நீட்டினான்.
கைக்குக் குழாய் வந்தது.

மானிய மனுவில் புற்றுநோய் என்று எழுதியிருக்கிறேன்.
பொய் இல்லை. அந்தச் செல்லும் இப்படித்தான் ஊரும்.
ஆனால் விடிகாலை மூன்றரைக்கு
என்னை இந்த நாற்காலியில் வைத்திருப்பது
புற்றுநோய் இல்லை.

பையில் இன்னொரு படிவம் பாதியில் கிடக்கிறது.
நாட்டுக்குள் நுழைந்த தேதி?
ஒன்பது வருஷம் முன்னால் ஓர் ஆகஸ்டு.
அன்று விமானப் படிகளில் இறங்கிய ஆக்டினில்
அநேகமாய் ஒரு மணிகூட இன்று என்னிடம் இல்லை.
வெட்டுகிறவர்கள் ஒருநாளும் விடுப்பு எடுக்கவில்லை.
தேதியை எழுதினேன்.
கையெழுத்தும் போட்டேன்,
பழைய கையெழுத்தே வந்தது.

மருந்திடாத தட்டில் ஒரு செல்
திரையின் விளிம்பைக் கடக்கிறது.
மேடையைக் கொஞ்சம் திருகினால்
மறுபடி பிடித்துவிடலாம்.
திருகவில்லை.

ஏழு மணிக்கு டார்லீன் வருவாள்.
தொட்டிக் கண்ணாடியில் சீட்டு ஒட்டினேன்:
இடப்பக்கம், மூன்றாம் வரிசை,
ஒரு செதில் குறையும்,
எடுத்தது நான்.
முளைக்கும்வரை
இவனுக்கு ஒரு சிட்டிகை கூடப் போடு.